தம்மவராகக் கொள்ளுதல்: கூவாகத்தை முன்வைத்துச் சில விடைகளும் அவற்றின் குறைகளும்

பாலின அடையாளத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்டு வாழ்வோரை ஒரு சமூகம் எதன் வழியாகத் தம்மவராகக் கொள்கிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தேடியவர்களுள் பலர், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் என்னும் சிற்றூரிலிருந்தே தொடங்கியிருக்கின்றனர். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதத்தில் 18 நாள் நடைபெறும் திருவிழாவின் இறுதிக் கட்டத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடும் திருநங்கையர், கூத்தாண்டவராக வழிபடப்படும் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அத்தாலியை அறுத்துக் கைம்பெண் கோலம் பூணுகின்றனர். ஆணாகப் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழ்வோர் திருநங்கையர்; இதற்கு மறுதலையாக ஆணாகத் தம்மை உணர்ந்து வாழ்வோர் திருநம்பியர்; ஒருபாலீர்ப்பு உடையோரையும் இவர்களையும் உள்ளிட்ட பொதுப்பெயராகப் பால்புதுமையினர் என்ற சொல் இன்று வழங்குகிறது. ஒரு கிராமத்துத் திருவிழாவின் மையத்தில் இவர்களுள் ஒரு பிரிவினர் மணமகளிராக நிற்பதைக் கண்டோர், இதையே ஏற்பின் சான்றாகக் கொண்டனர். வேறு சிலர் இதே காட்சியை விலக்கலின் மறுவடிவமாகப் படித்தனர். திருநங்கையரின் ஜமாத் உறவிலும், அரசின் நலத்திட்டத்திலும், நீதிமன்றத் தீர்ப்பிலும், சாதி பற்றிய விமரிசனத்திலும் விடை கண்டோரும் உளர். இவ்விடைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து எழுந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது.

பழமை தரும் விடை

மிகப் பரவலான விடை பழமையைச் சார்ந்தது. தமிழ் மரபு மூன்றாம் பாலை என்றுமே அறிந்திருந்தது என்றும், அறிந்ததனாலேயே ஏற்றிருந்தது என்றும் இது கூறும். இதற்குக் காட்டப்படும் சான்றுகள் குறைந்தவையல்ல. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்கள் எவ்வாறு வினைமுடிபு கொள்ளும் என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணைக்குள் வைத்தே ஆராய்கிறது; சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் பேடியாடலும் ஒன்றாக இடம்பெறுகிறது. ஆனால் இலக்கணம் ஒரு சொல்லை வகைப்படுத்தியதால் அச்சொல் குறிக்கும் மனிதர் மதிக்கப்பட்டனர் என்று முடிவு கட்ட இயலாது. திருக்குறளின் 614, 727 ஆகிய குறட்பாக்களில் பேடியின் கையில் உள்ள வாள் பயனின்மைக்கு உவமையாகவே வருகிறது என்பதையும் இவ்வாதத்தை முன்வைப்போர் கணக்கில் கொள்ளவேண்டும். மேற்கோள் தொகுப்புகள் இக்குறள்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒரு சமூகம் சிலரை நன்கு அறிந்திருந்து, அவர்களுக்கென இடமும் ஆடலும் வகுத்து, அதே வேளையில் இழிவும் செய்திருக்கலாம்.

அரவான் கதையின் வரலாறும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த, தமிழில் அரவான் எனப்படும் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். போருக்கு முன் காளிக்குப் பலியாகும் களப்பலிச் செய்தி தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும், பின்னர் வில்லிபுத்தூரார் பாரதத்திலும் விரிகிறது. மணமாகாமல் இறக்க மனமில்லாத அரவானுக்குக் கண்ணனே மோகினி வடிவெடுத்து ஓரிரவு மனைவியானான் என்ற பகுதியோ, தென்னார்க்காட்டு நாட்டார் வழிபாட்டிலும் வாய்மொழி மரபிலும் உரம்பெற்றது. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்ட்பெய்டல், கூத்தாண்டவர் வழிபாட்டை இப்பகுதியின் திரௌபதியம்மன் விழாக்களோடும் பாரதக் கூத்தோடும் சேர்த்தே வாசித்தார். அவ்வாசிப்பை ஏற்றால், கூவாகம் வட்டாரத்து உழவர் சமூகங்களின் போர், பலி, வளமை பற்றிய வழிபாட்டுக்குள் திருநங்கையர் தமக்கென ஓர் இடத்தைக் கண்டுகொண்ட ஊராகிறது. தொன்மையான மூன்றாம்பால் சமயத்தின் எச்சம் என்று அதைக் கொள்வது கடினமாகிறது. கோயம்புத்தூர் சிங்காநல்லூர் போன்ற இடங்களில் கூத்தாண்டவர் விழா திருநங்கையர் பங்கேற்பு முதன்மை பெறாமலே நிகழ்ந்துவந்திருப்பதும் இதற்கு இசைவானது.

காலனியம் தரும் விடை

பழமை விடையின் துணைவிடை, இழிவு அனைத்தும் ஆங்கிலேயரால் வந்தது என்பது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 377-ஆம் பிரிவும், 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டமும் இதற்கு ஆதாரங்கள். எனினும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்த இரண்டாம் பகுதி முதன்மையாக வடமேற்கு மாகாணங்களையும் வடஇந்தியப் பகுதிகளையும் நோக்கியது; ஜெசிக்கா ஹிஞ்சியின் 2019-ஆம் ஆண்டு ஆய்வும் அப்பகுதியின் ஆவணங்களையே பெரிதும் சார்ந்தது. அவ்வரலாற்றை அப்படியே தென்னார்க்காட்டின்மேல் ஏற்றிவைப்பது வசதியான சுருக்கமே. 377-ஆம் பிரிவின் நிழல் நாடு முழுவதும் விழுந்தது உண்மை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான உறவை அப்பிரிவிலிருந்து விடுவித்தது. ஆனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் பிள்ளையின் நிலைக்கு அந்தப் பிரிவு மட்டுமே காரணமாக இருந்ததில்லை.

விழாவின் உள்ளே

கூவாகத்தின் விழா சாகை வார்த்தலுடன் தொடங்குகிறது. அதாவது கூழ் காய்ச்சி அம்மனுக்குப் படைத்து ஊரார்க்கு வழங்குவதுடன். பின்வரும் நாள்களில் பாரதக் கதை சொல்லப்படுகிறது. அரவானின் திருமேனிக்கும் தேருக்கும் உரிய பல பாகங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது சுற்றுப்புற ஊர்களின் வழிவழி உரிமை. விழாவின் இறுதிக் கட்டத்தில் ஓர் இரவில் பூசாரிகள் தாலி கட்டுகின்றனர். திருநங்கையர் கூட்டமாகக் கும்மியடித்து இரவைக் கழிக்கின்றனர். மறுநாள் தேர் அழுகளம் நோக்கிச் செல்ல, அங்கே தாலி அறுக்கப்பட்டு வளையல்கள் உடைக்கப்பட்டு, ஒப்பாரியும் நீராடலும் வெள்ளைப் புடவையுமாக இச்சடங்கு முடிகிறது.

இவ்விழாவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் தாலியையும் ஒப்பாரியையும் உற்றுநோக்கினர். உரிமைகள் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதை நோக்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. தேரின் பாகத்தைத் தரும் ஊருக்கு அடுத்த ஆண்டும் அக்கடமை உண்டு. கடமை இருப்பதால் கோயிலில் உரிமையும் உண்டு. நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் சுற்றூர் ஆண்களும் சிறுவர்களும் அதே சடங்கைச் செய்துமுடித்து, மனைவியும் பெற்றோரும் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகின்றனர். ஒரே பூசாரி, ஒரே தாலி, ஒரே அழுகளம்; இருந்தும் ஊர் ஆண்களின் வேண்டுதலைக் குடும்பத்தின் நலனுக்காகக் கழிக்கப்பட்ட கடனாகவும், திருநங்கையின் தாலியை அவருடைய அடையாளத்தின் அறிவிப்பாகவும் ஊர் காண்கிறது. திருநங்கையர் இங்கே மணமகளிராக மதிக்கப்படுகின்றனர், ஆயினும் அவர்களுக்கு ஊர் எதையும் கடன்பட்டிருப்பதில்லை. அடுத்த நாளிலிருந்து அவர்கள் வந்துபோன விருந்தினர். எனவே ஏற்பை மதிப்பினால் அளப்பதா, கடப்பாட்டினால் அளப்பதா என்பதே கூவாகம் எழுப்பும் சரியான கேள்வியாகத் தோன்றுகிறது.

இக்கூற்றை மிகைப்படுத்தவும் கூடாது. சடங்கு விடையை ஆதரிப்போர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒளிவுமறைவின்றிக் கூடும் வெளி கிடைப்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பர். அது நியாயமான வாதம். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றால் விழா நடைபெறாதபோது தடைப்பட்டது வழிபாடு மட்டுமன்று; ஆண்டில் ஒருமுறை தோழியரைக் காணும் வாய்ப்பும் போயிற்று. ஆனால் இவ்வெளியின் பெரும்பகுதி கூவாகத்திலேயே அமைவதில்லை. வருவோர் தங்குவதும், மிஸ் கூவாகம் போன்ற அழகிப் போட்டிகளும், தொண்டு நிறுவனங்களின் எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் விழுப்புரம் நகரில் நிகழ்வன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபின், கோயில் ஒரு மாவட்டத்திலும் கூட்டம் தங்கும் நகரம் மற்றொரு மாவட்டத்திலும் ஆயின. விழாவின் இரவில் தொல்லைக்கும் வன்முறைக்கும் ஆளானோர் உண்டு என்பதைத் திருநங்கையரின் எழுத்துகள் மறைப்பதில்லை. புனிதத்தைப் பாராட்டும் கட்டுரைகள்தாம் அதைக் கடந்து சென்றுவிடுகின்றன.

ஜமாத்தும் அதன் எல்லைகளும்

ஆண்டின் எஞ்சிய நாள்களில் கடப்பாட்டைச் சுமந்தது ஜமாத் என்னும் அமைப்பு. மூத்த திருநங்கை ஒருவர் இளையவரை மகளாக ஏற்க, அவ்வழியே தாய், பாட்டி முறையாகிய நானி, சகோதரியர் என உறவுகள் விரிகின்றன. உறையுள், உணவு, பாலின மாற்று அறுவைக்குப்பின் பராமரிப்பு, நாற்பதாம் நாள் சடங்கு, இறந்தால் இறுதிக்கடன் ஆகிய அனைத்தும் இவ்வுறவின் பொறுப்பு. ஆ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் சரவணன் வித்யா’, பிரியா பாபுவின் நூல்கள் ஆகியவை வெளியான பின்னரே இவ்வமைப்பு தமிழ் வாசகர்க்கு உள்ளிருந்து தெரியவந்தது. அதற்குமுன் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ போன்ற புனைவுகள் பரிவோடு எழுதப்பட்டவையே எனினும், வெளியிலிருந்து நோக்கியவை.

இந்நூல்கள் ஜமாத்தைப் புகழ்ந்துமட்டும் பேசவில்லை. கடைக்குக் கடை கைதட்டிக் காசு கேட்பதும் பாலியல் தொழிலும் தவிர வேறு வருவாய்க்கு வழியில்லாத நிலையில், இளையவரின் சம்பாத்தியத்தின்மீது மூத்தவருக்குள்ள உரிமையும், கட்டுப்பாட்டை மீறினால் விதிக்கப்படும் தண்டமும் எத்தகைய சார்பை உண்டாக்குகின்றன என்பதை அவை விவரிக்கின்றன. ஜமாத்தைக் குடும்பத்துக்கு மாற்றாகக் காணும் ஆய்வாளரும், சுரண்டலின் வடிவமாகக் காணும் சீர்திருத்தக்காரரும் ஒரே பக்கங்களிலிருந்து தத்தம் சான்றைப் பெறுகின்றனர். பிறந்த குடும்பமும் இதே இருமையுடையது என்பதை நினைவிற்கொண்டால் இவ்விவாதத்தின் சூடு சற்றுத் தணியக்கூடும். ஜமாத்தின் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது: அது திருநங்கையருக்கானது. திருநம்பியருக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் இதற்கு ஈடான மரபு அமைப்பு எதுவுமில்லை. அழுகளத்திலும் அவர்களுக்குப் பங்கில்லை. கூவாகத்திலிருந்து தொடங்கும் எந்த ஆய்வும் இவர்களை விட்டுவிடும் ஆபத்துடையது.

அரசும் நீதிமன்றமும்

கடப்பாட்டை அரசு ஏற்கவேண்டும் என்பது அண்மைக்கால விடை. இந்தியாவிலேயே முதலாவதாக 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்தது. அந்நாள் பின்னர் திருநங்கையர் நாளாயிற்று. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் கட்டணமில்லா அறுவை, 40 வயதைக் கடந்தோர்க்கு ஓய்வூதியம் ஆகியவை படிப்படியாக வந்தன. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2015-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பின் வழியே பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராகத் தேர்வுபெற வாய்ப்புக் கிடைத்தது.

இவ்விடையின் குறை, அரசு யாரைக் குடும்பமாகக் காண்கிறது என்பதில் வெளிப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் மாறிய பாலினத்தவர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், இரத்தத்தாலோ மணத்தாலோ சட்டப்படியான தத்தினாலோ அமைந்த உறவையே குடும்பம் என வரையறுத்தது. பிறந்த குடும்பத்தால் பேண இயலாதவரை மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. பல தலைமுறைகளாக அப்பொறுப்பைச் சுமந்த ஜமாத் இவ்வரையறைக்குள் வரவில்லை. பாலியல் வன்முறைக்குக்கூட ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான தண்டனையே அச்சட்டத்தில் இடம்பெற்றதும் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது.

நீதிமன்றங்கள் இதைவிடச் சற்று முன்னே சென்றுள்ளன. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தில் மணமகள் திருநங்கை என்பதால் பதிவுத்துறை பதிய மறுத்தபோது, 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். கூவாகத்துப் பூசாரி ஆண்டுதோறும் கட்டும் தாலியை எவரும் பதிவுசெய்யக் கேட்பதில்லை. மனிதனோடு நிகழ்ந்த மணம் பதிவேட்டுக்கு வந்தவுடன் தயக்கம் எழுந்தது. கடவுளின் மனைவியை ஏற்பதில் சொத்து, வாரிசு ஆகிய பின்விளைவுகள் எவர்க்கும் இல்லை என்பது இவ்வேறுபாட்டை ஓரளவு விளக்கும்.

பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளைத் தடைசெய்யுமாறு பணித்ததோடு, காவல்துறை, சிறைத்துறை, பள்ளி ஆகியவற்றில் பயிற்சிக்கும் வழிகாட்டியது. தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் பால்புதுமையினரைத் துன்புறுத்தலாகாது என்ற விதி சேர்ந்ததும், ஊடகத்திற்கான சொற்பட்டியல் வெளியானதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தாலும், 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமாகலாம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியன்று என்று கூறியது.

சாதிச் சான்றும் கல்வராயன் மலையும்

மேற்கண்ட விடைகள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டுவது சாதி பற்றிய விமரிசனம். செயற்பாட்டாளர் கிரேஸ் பானு, லிவிங் ஸ்மைல் வித்யா முதலியோர், பாலினச் சிறுபான்மையினரை ஒரே திரளாகப் பேசுவது தலித் திருநங்கையரின் நிலையை மறைக்கிறது என்றனர். சமூக, கல்வி நிலையில் பிற்பட்டோராகத் திருநங்கையரைக் கருதவேண்டும் என்ற 2014 தீர்ப்பைப் பின்பற்றி, தமிழ்நாடு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. பாலினம் ஒரு சாதியன்று, ஆகவே ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் அவர்களுக்குத் தனிப்பங்கு ஒதுக்கும் கிடைமட்ட இடஒதுக்கீடே தீர்வு என்பது இயக்கத்தினரின் வாதம். கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காட்டை இம்முறையில் ஒதுக்கியது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் பாலினத்தைச் சாதியாகக் கருதியதைத் தவறென்று கூறியது.

இவ்விமரிசனத்தின் கூர்மை கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே நன்கு விளங்கும். கூவாகம் சமவெளியில் இருக்க, மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர் வாழ்கின்றனர். மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலைப்பகுதி 1976-இல்தான் அவர்களிடமிருந்து முழுமையாக அரசின்கீழ் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், மலைமக்களின் வாழ்நிலையை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தபோது சாலை, பள்ளி, மருத்துவம் ஆகிய அடிப்படைகளே பேசுபொருளாயின. இத்தகைய ஊரில் பிறந்து இளவயதில் வீட்டைவிட்டு வெளியேறும் ஒருவருக்குப் பழங்குடிச் சான்றிதழ் பெறுவது பெற்றோரின் ஆவணங்களைச் சார்ந்தது. பெற்றோரோ அவரைக் கைவிட்டவர்கள். பாலினச் சான்றிதழைத் தாமே அறிவித்துப் பெறலாம் என்றாலும், அதற்குக் கணினியும் மாவட்டத் தலைநகர்வரை சென்றுவரும் வசதியும் தேவை. குடும்பம் உடைந்தால் சாதிவழி உரிமையும் உடன் உடைகிறது என்ற இவ்வுண்மையைச் சாதி விமரிசகர்களே முதலில் தெளிவாகச் சொன்னவர்கள். அதற்கான நிர்வாகத் தீர்வை அவர்களும் முழுமையாக வரையவில்லை. கூவாகத்துக்கென இத்தனை பக்கங்கள் எழுதப்பட்ட மாவட்டத்தில், மலையூர்களில் பிறக்கும் பால்புதுமையினரைப் பற்றிய எழுத்து மிக அரிது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடவேண்டும்.

எஞ்சி நிற்பவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆண், பெண் அல்லாத பிற பாலினத்தவர் என இந்தியாவில் சுமார் 4.88 லட்சம் பேரையும் தமிழ்நாட்டில் 22,364 பேரையும் பதிவுசெய்தது. குழந்தைகளின் பாலினத்தைப் பெற்றோர் கூறிய கணக்கு அது. பெண் அல்லது ஆண் என்றே தம்மைப் பதிந்துகொண்ட திருநங்கையரும் திருநம்பியரும் அதில் இல்லை. ஆகவே எந்தத் திட்டத்தின் வெற்றியையும் இவ்வெண்ணிக்கையை வைத்து அளப்பது நம்பத்தக்கதன்று.

விடைகளை ஒப்பிட்டு நோக்கினால், சடங்கு மதிப்பைத் தந்து கடப்பாட்டை மறுத்ததாகவும், ஜமாத் கடப்பாட்டைத் தந்து விலையையும் பெற்றதாகவும், அரசு உதவியைத் தந்தபோதிலும் அதைப் பிறந்த குடும்பத்தின் வழியாகவே வழங்க முயன்றதாகவும் கொள்ள இடமுண்டு. இம்மூன்றும் ஒன்றையொன்று நிரப்பக்கூடும் என்று கருதுவோர் உளர். ஒன்று மற்றொன்றைத் தளரச்செய்யும் என்று அஞ்சுவோரும் உளர். ஜமாத்தைச் சட்டம் குடும்பமாக ஏற்றால் அதன் உட்படிநிலையும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிடுமோ என்ற ஐயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அர்ஜென்டினா 2012-இல் மருத்துவச் சான்றின்றிப் பாலினத்தை மாற்றிப் பதியும் உரிமையை வழங்கியது. ஆயினும் உறவுமுறை பற்றிய இக்கேள்வி அத்தகைய சட்டங்களின் எல்லைக்கு வெளியே நிற்பது.

தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்ற 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், இரத்தத்தையும் மணத்தையும் தத்தையும் மட்டுமே எண்ணிய 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் எதிரெதிராக நிற்கின்றன. ஒரு திருநங்கை இறந்தபின் உடலை மருத்துவமனையிலிருந்து பெறும் உரிமை ஜமாத்துத் தாய்க்கா, பல ஆண்டுகளாகத் தொடர்பின்றி இருந்த உடன்பிறந்தாருக்கா என்பதும், அவர் சேர்த்துவைத்த சிறுசொத்து யாரைச் சேரும் என்பதும் இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதைப் பொறுத்தவை.